லாரி வந்த பிறகு

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன் வந்தது. டயாலிசிஸ் பிரிவில் இப்போது பொறுப்பில் இருக்கும் திவ்யா பேசினாள். "மேடம், திடீர்னு ஏரியாவுக்கே தண்ணி நின்னுட்டா என்ன பண்றதுன்னு ஒரு பிளான் போட்டிருக்கோம். ஒரு தடவை வந்து பாத்துட்டு, ஏதாவது விட்டுப் போயிருந்தா சொல்லுங்களேன்" என்றாள். ரிட்டயர் ஆனவளைக் கூப்பிட்டு யோசனை கேட்டால் யாருக்குத்தான் கசக்கும்? எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன்.

பிளான் நன்றாகத்தான் இருந்தது. சுவரில் ஒட்டுகிற பெரிய தாள், கலர் கலராகக் கட்டங்கள், அம்புக்குறிகள். குழாயில் வரத்து நின்றால் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும், தரைக்கு அடியில் இருக்கிற சம்ப்பில் மிச்சமிருப்பது எந்த வார்டுக்கு, லாரிக்கு யார் போன் போடுவது, எல்லாம் இருந்தது. கடைசிக் கட்டம் பச்சை. அதில் 'லாரித் தண்ணீர் வந்து சேர்ந்தது, நிலைமை சீர்' என்று போட்டிருந்தார்கள். அந்தக் கட்டத்தை மட்டும் நான் இரண்டு தடவை படித்தேன். என் வேலைக்காலத்தில் நான் மிகவும் பயந்த நாள் ஒன்று உண்டு. அந்த நாளில் பயமே லாரி வந்து சேர்ந்த பிறகுதான் ஆரம்பித்தது.

திவ்யாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் நின்ற வாக்கில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் இயல்பிலேயே பதற்றக்காரி. கேஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ரகம். எங்கள் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தவர். "ரிட்டயர் ஆனது நீ மட்டும்தான்டீ, ஒன் பயம் இன்னும் டூட்டி பாத்துகினு கீது" என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும். டயாலிசிஸ் டெக்னீஷியனுக்குப் பயம் இருப்பது நல்லது என்று நான் இன்றும் நினைக்கிறேன். பயமில்லாதவர்கள் இந்த வேலைக்கு வந்தால் எனக்குத்தான் பயமாக இருக்கும்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பிளஸ் டூ முடித்து வீட்டில் சும்மா இருந்தவளைப் பங்குச் சாமியார் அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேர்த்துவிட்டார். சில வருஷம் பெட்பான் தூக்கினேன். பிறகு ஆஸ்பத்திரியே டிப்ளமோ படிக்க அனுப்பியது. படித்துவிட்டு வந்தபோது புதிதாக ஆறு மெஷின் இறக்கியிருந்தார்கள். ரிட்டயர் ஆகும்வரை அந்த அறையிலேயே காலம் ஓடிவிட்டது.

டயாலிசிஸ் என்றால் ரத்தம் சுத்தம் செய்வது என்று எல்லோருக்கும் தெரியும். எதை வைத்துச் சுத்தம் செய்கிறோம் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. தண்ணீரை வைத்துத்தான். மெஷினுக்குள் ஒரு மெல்லிய சவ்வு. அதற்கு ஒரு பக்கம் நோயாளியின் ரத்தம் ஓடும், மறுபக்கம் மருந்துப்பொடி கலந்த தண்ணீர் ஓடும். ரத்தத்தில் உள்ள கழிவு சவ்வைத் தாண்டி தண்ணீருக்குப் போகும். அதே வழியாகத் தண்ணீரில் இருப்பதும் ரத்தத்துக்குள் வரும். நாம் குடிக்கிற தண்ணீரில் கிருமி சாக குளோரின் கலக்கிறார்கள். குடித்தால் வயிறு அதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அது நேராக ரத்தத்துக்குள் போனால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிற ஆள் முதுகு வலிக்கிறது என்பார், மூச்சு முட்டுகிறது என்பார், அதற்கப்புறம் நம் கையில் ஒன்றுமில்லை.

அதனால் தண்ணீர் மெஷினுக்குப் போகும் முன்னால் கரி நிரப்பிய இரண்டு பெரிய தொட்டிகளைத் தாண்டிப் போகும். கரி குளோரினைப் பிடித்துக்கொள்ளும். அது ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டும். அந்த வேலையை நான் எத்தனை ஆயிரம் தடவை செய்திருப்பேனோ. சின்னக் கண்ணாடிக் குழாயை அதே தண்ணீரில் நன்றாகக் கழுவி, கோடு வரைக்கும் பிடிக்க வேண்டும். மருந்தைச் சொட்டு விட்டு மூடி, தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். கட்டைவிரலால் மூடக் கூடாது, வியர்வை பட்டாலே கலர் மாறும். பிறகு ஜன்னல் பக்கம் போய், பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். குளோரின் இருந்தால் மஞ்சள். நிறைய இருந்தால் ஆரஞ்சு. கரித் தொட்டியைத் தாண்டி வந்த தண்ணீரில் கலரே வரக் கூடாது.

சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. வெளிறின மஞ்சளா, வெறும் வெயிலா என்று சந்தேகம் வரும் பாருங்கள், அப்போது தெரியும். வெளியில் நோயாளிகள் காத்திருப்பார்கள், ஷிஃப்ட் தள்ளிப்போகும், ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாமா என்று மனசு கெஞ்சும். எங்கள் சிறுநீரக டாக்டர் அதற்கு ஒரே பதில் வைத்திருந்தார். "சந்தேகம் வந்தா அது மஞ்சள்தான்மா" என்பார்.

ஆஸ்பத்திரியை நடத்தியவர் சிஸ்டர் ரெஜினா. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கன்னியாஸ்திரி. குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. அதுதான் பெரிய தொல்லை. கத்துகிறவர்களை ஒரு மாதிரி சமாளித்துவிடலாம். சிஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றபடியே, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். ஒரு கோடையில் ஏரி வற்றிப்போய் ஊரே குடத்தோடு அலைந்தபோது, நமக்கும் ஒரு பிளான் வேண்டும் என்று எல்லாப் பிரிவுக்காரர்களையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"குழாயில தண்ணி வரல. என்ன செய்வீங்க?"

"சம்ப் இருக்கு சிஸ்டர்."

"சரிம்மா. அதுவும் இல்லன்னா?"

"போர் தண்ணி."

"கடல் பக்கம். உப்பு. நம்ம மெஷின் தாங்குமா?"

"தாங்காது சிஸ்டர். லாரி சொல்லணும்."

"சரிம்மா. அதுவும் இல்லன்னா?"

சாப்பாட்டு நேரம் தாண்டியும் இது ஓயவில்லை. பேச்சோடும் விடவில்லை. எப்போதாவது ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் போய் மெயின் வால்வைத் தன் கையாலேயே மூடிவிடுவார். நாங்கள் பதறி ஓடுவதை வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை ஈஸ்டருக்கு முந்தின நாள் அப்படிச் செய்தார். எனக்கு வந்த கோபத்தில், இந்த அம்மாவுக்குப் பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்பே கிடைக்கக் கூடாது என்று மனசுக்குள் சபித்தேன். ஆனால் ஒன்று, எங்கள் பிளான் பழகிப்போன பிளான். லாரிக்காரர் போன் நம்பர் வாட்ச்மேன் வரைக்கும் மனப்பாடம்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

டோல்கேட் கிட்டே ரோட்டைத் தோண்டிக்கொண்டிருந்த யாரோ பெரிய குடிநீர்க் குழாயை உடைத்துவிட்டார்கள். ரோடு ஆறு மாதிரி ஓடியது, வீட்டுக் குழாய்களில் காற்று வந்தது. சம்ப்பில் இருந்ததைப் பிரசவ வார்டுக்கும் ஆபரேஷனுக்கும் ஒதுக்கினோம். டயாலிசிஸ் ஒரு நாள் மூடப்பட்டது. மறுநாள் காலை லாரி வரும், அதுவரை நாக்கைக் கட்டுங்கள் என்று நோயாளிகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

மறுநாள் காலை எல்லோரும் வந்துவிட்டார்கள். அதில் சாந்தியைப் பார்த்ததும் எனக்குப் பகீர் என்றது. விம்கோ நகர்காரி. புருஷன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், இவள் வாசலில் இட்லிக் கடை போடுவாள். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். முகம் வீங்கி, படியேறி வந்து நின்றவளால் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை. நுரையீரலில் நீர் சேர்ந்திருந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. அது ஏறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும். அன்றைக்கு அவளுக்கு டயாலிசிஸ் ஆகியே தீர வேண்டும். பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டோம். எல்லாருக்கும் அதே குழாய், எங்கேயும் இடமில்லை.

அப்போது கேட்டில் ஹாரன் சத்தம். லாரி. எங்கள் பிளானில் எழுதியிருந்தபடியே, சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது. வராந்தாவில் யாரோ கையே தட்டினார்கள். டிரைவர் தேவராஜ் எண்ணூர்காரர், எங்களுக்கு வழக்கமாக வருகிறவர். ஹோஸ் குழாயைச் சம்ப்பில் போட்டுவிட்டு, கேன்டீன் டீயைக் குடித்துக்கொண்டு ராஜா மாதிரி நின்றார்.

நான் கண்ணாடிக் குழாயோடு போனேன். சம்ப்புத் தண்ணீரில் சொட்டு விட்டேன். மஞ்சள் வரும் என்று தெரியும், எப்போதும் வருவதுதான். வந்தது மஞ்சள் இல்லை, ஃபான்டா கலர்.

மருந்து கெட்டுப்போயிருக்குமோ என்று புதுப் பாட்டில் உடைத்தேன். அதே கலர். சரி, கரி பார்த்துக்கொள்ளட்டும் என்று மோட்டாரைப் போட்டு, முதல் தொட்டியைத் தாண்டிப் பிடித்தேன். பளிச்சென்று மஞ்சள். இரண்டாவது தொட்டியைத் தாண்டிப் பிடித்து, ஜன்னல் பக்கம் போய் நின்றேன். பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தேன். மிக மிக லேசாக, எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கழுவி விட்ட மாதிரி ஒரு சாயல்.

நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வெயில்தான் மேடம்" என்றாள். எனக்கும் வெயிலாகவே இருந்துவிட வேண்டும் என்றிருந்தது. டாக்டர் வேறு ஊரில் இருந்தார். போனில் சொன்னேன்.

"சந்தேகமா இருக்காம்மா?"

"இருக்கு சார்."

"அப்ப ஒரு சொட்டு மெஷினுக்குப் போகக் கூடாது. சுத்திகரிச்சு வெச்ச தொட்டியில பழசு எவ்வளவு இருக்கு?"

குழாய் உடைவதற்கு முன்பே தயாரித்த நல்ல தண்ணீர் அடியில் கொஞ்சம் இருந்தது. கரித் தொட்டிகளுக்கும் அதற்கும் நடுவில் இருந்த வால்வை நான் மூடியே வைத்திருந்தேன். ஒரு ஆளுக்கு முழு டயாலிசிஸ் செய்ய அது பற்றாது. "சாந்திக்குப் போடுங்க. தண்ணி ஓடற வேகத்தைக் குறைச்சு வெச்சு, எவ்வளவு நேரம் வருதோ ஓட்டுங்க. மத்தவங்களுக்கு நல்ல தண்ணி வந்தாத்தான்" என்றார்.

மற்றவர்கள் விடுவார்களா? முனுசாமி நைனா என்று ஒரு பெரியவர். துறைமுகத்தில் சரக்கு தூக்குகிற வின்ச் ஓட்டியவர், தொண்டை கப்பல் தொண்டை. எழுந்து நின்றுவிட்டார். "இன்னாமா கதை வுட்ற? தண்ணி லாரி கண்ணுக்கு எதிர்ல நிக்குது. பிளீச்சிங் பவுடருக்கா சாவப் போறோம்? அத்த நாங்க தெனம் குட்சிகினுதானே கீறோம்! எனக்கு மட்டும் மூச்சு வாங்கலியா?" என்றார். அவருக்கும் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் காலை அழுத்திப் பார்த்தால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கும். குடிப்பது வேறு, ரத்தத்தில் போவது வேறு என்று நான் சொல்லச் சொல்ல அவர் கத்திக்கொண்டே இருந்தார். அந்த வாதத்தில் ஜெயிக்க எனக்கு நேரமில்லை. சாந்திக்கு ஊசி போட்டு மெஷினை ஓடவிட்டுவிட்டு, கீழே இறங்கி ஓடினேன்.

தேவராஜ் டீ கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தண்ணில என்ன போட்டீங்க?"

அவர் முகம் மலர்ந்தது. "பம்பிங் ஸ்டேஷன்ல அவங்க போட்றத போட்டாங்கக்கா. ஆஸ்பத்திரிக்குப் போற தண்ணி இல்லியா, நானும் என் கைல கீற டப்பாலேர்ந்து நல்லா மொண்டு போட்டேன். ஆஸ்பத்திரி, ஸ்கூலு, பால்வாடி, இந்த மூணுக்கும் நாங்க எக்ஸ்ட்ரா போடாம எடுத்தார மாட்டோம். நோயாளிங்க கீற எடம், சுத்தமா இருக்கட்டுமே."

எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் சாக்கடை கலந்த தண்ணீரைக் குடித்து வாந்தி பேதியில் வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள். அதிலிருந்து லாரிக்காரர்களில் பலர் சீட்டுக்கு அடியில் பிளீச்சிங் பவுடர் டப்பா வைத்திருப்பார்கள். அது யாரும் போட்ட சட்டமில்லை, அவர்களாக வைத்துக்கொண்ட தர்மம். மற்ற நாளில் எங்களுக்குக் குழாய்த் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்து போகும், தெரிந்திருக்காது. இன்று சம்ப்பு காலி, முழுக்க இவர் தண்ணீர்தான். சாந்தியைக் கொல்லக்கூடிய தண்ணீரை இந்த மனுஷர் அன்பாக அள்ளிப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். நான் என்ன சொல்லித் திட்டுவது?

சிஸ்டர் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தார். "தம்பி, நல்ல மனசோட செஞ்சிருக்க. ஆனா இது எங்களுக்கு ஆகாது. ஓடிப் போய் இன்னொரு லோடு கொண்டு வா. அங்க அவங்க போடறதோட சரி. உன் டப்பாவ இங்க குடுத்துட்டுப் போ" என்றார். தேவராஜ் ஒன்றும் புரியாமல் டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

இப்போது எங்கள் தலைவலி சம்ப்பு. இரண்டாவது லோடு வந்தால் ஊற்ற இடம் வேண்டும். இருக்கிறதோடு கலந்தால் மறுபடியும் ஆரஞ்சுதான். மோட்டார் வைத்துச் சாக்கடையில் விட்டால் அரை நாள் ஓடும். அதுவும் தண்ணீர் இல்லாத ஊரில், பட்டப்பகலில், ஒரு லாரித் தண்ணீரைச் சாக்கடையில் விடுவதா?

கேட்டுக்கு வெளியே அந்த நேரத்தில் ஏற்கெனவே கூட்டம். லாரி உள்ளே போனதைப் பார்த்துத் தெருப் பெண்கள் பிளாஸ்டிக் குடத்தோடு கூடிவிட்டார்கள். "ஒங்குளுக்கு மட்டும் லாரி வர்து, நாங்க இன்னா மனுசங்க இல்லியா?" என்று ஒரு அம்மா கேட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். சிஸ்டர் அந்தப் பக்கம் பார்த்தார், சம்ப்பைப் பார்த்தார். வாட்ச்மேனிடம் கேட்டைத் திறக்கச் சொன்னார்.

"எல்லாரும் வாங்க. எவ்வளவு வேணும்னாலும் மொண்டுக்குங்க. சீக்கிரம் காலி பண்ணித் தரணும், அவ்வளவுதான். துணி துவைக்க, பாத்திரம் கழுவ இப்பவே ஊத்திக்கலாம். குடிக்க வேணாம். திறந்து வெச்சிட்டு நாளைக்குக் காய்ச்சிக் குடிங்க. மருந்து அதிகமாயிடுச்சு."

கூட்டம் நகரவில்லை. கேட்டைத் தட்டிக்கொண்டிருந்த அம்மா இடுப்பில் கை வைத்தார். "அதானே பாத்தேன். இன்னாடா கூப்டு குடுக்குறாங்களேன்னு. ஆஸ்பத்திரிக்கு வோணாம்னு வெச்சது எங்குளுக்கா? எங்க கொழந்திங்க செத்தா பரவால்லியா?"

மேலே சாந்தியின் தண்ணீர் குறைந்துகொண்டிருக்கிறது. இங்கே இவர்கள் ஒரு குடம் மொள்ளவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பக்கத்தில் இருந்த டம்ளரைப் பிடுங்கி, சம்ப்பில் மொண்டு, அவர்கள் கண்ணுக்கு எதிரில் மடக் மடக்கென்று குடித்தேன். தொண்டையெல்லாம் எரிந்தது, மூக்கில் நெடி ஏறியது, இருமல் வந்தது. "பாத்தீங்களா? நான் செத்தா விழுந்தேன்? மேல ஒரு பொண்ணு கெடக்குறா. அவ ரத்தத்தக் கழுவத் தண்ணி வேணும். அவளுக்குத்தான் இது விஷம். நீங்க மொண்டாத்தான் அவளுக்கு நல்ல தண்ணி ஊத்த எடம் வரும்!" என்று கத்தினேன்.

அந்த அம்மா என்னையே பார்த்தார். "பொண்ணா? எந்தூரு?"

"விம்கோ நகர். இட்லிக் கடை வெச்சிருக்கா."

அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். திரும்பி, "யேய், இன்னா பாத்துகினு நிக்கிறீங்க? இறங்குங்கடீ" என்றார். பிறகு நடந்த வேகத்தை நான் எந்த மோட்டாரிலும் பார்த்ததில்லை. சம்ப்பிலிருந்து வாளி, வாளியிலிருந்து குடம், குடத்திலிருந்து தெரு. வீட்டில் இருந்த டிரம், அண்டா, குழந்தை குளிப்பாட்டுகிற டப் எல்லாம் வந்தது. சரக்கு ஏற்றுகிற மீன்பாடி வண்டிகள் வந்தன. இடையில் தள்ளுமுள்ளு ஆனபோது மேலே ஜன்னலிலிருந்து ஒரு குரல் இடி மாதிரி இறங்கியது. முனுசாமி நைனா. மூச்சு வாங்கிக்கொண்டே ஜன்னலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கப்பலில் சரக்கு இறக்குகிற மாதிரி அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். "அந்த நீலக் கொடம், ஓரமா வா! பெரிய அண்டாவ முன்னால வுடு! இன்னா நீ, ஒண்டி ஆளா தூக்குற?" காலையில் என்னைத் திட்டிய அதே தொண்டை. அப்போதும் அவருக்கு டயாலிசிஸ் ஆகியிருக்கவில்லை.

நான் மேலேயும் கீழேயும் ஓடிக்கொண்டிருந்தேன். சாந்தியின் மூச்சு கொஞ்சம் இறங்கியிருந்தது. பொட்டாசியம் இன்னும் பயப்படுகிற அளவில்தான் இருந்தது. தொட்டியின் அளவுக் குழாயைப் பார்ப்பேன், தேவராஜுக்குப் போன் போடுவேன். "லோடு ஏத்திட்டேன்க்கா, எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் வண்டிங்க வரிசையா நிக்குது, நவுர மாட்டேங்குது" என்றார். துறைமுக கேட்டுக்குக் காத்திருக்கும் டிரெய்லர்கள். எங்கள் பக்கம் அது தினப்படி கதை. அன்று மட்டும் என் நெஞ்சின் மேல் நிற்கிற மாதிரி இருந்தது. அடுத்த போனை அவர் எடுக்கவில்லை. அதற்கடுத்ததையும் எடுக்கவில்லை.

தொட்டி முடிந்தது. மெஷின் அலாரம் அடித்தது. சாந்தியின் ரத்தத்தை அவளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு நிறுத்தினேன். "முடிஞ்சிடுச்சாக்கா?" என்றாள். பாதிதான் என்று அவளுக்கும் தெரியும். எத்தனை வருஷமாக வருகிறவள். "கொஞ்சம் ரெஸ்ட் குடுத்துட்டு மறுபடி போடுவோம்டா" என்றேன். இதயத் துடிப்பைக் காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கோடு கொஞ்சம் கூர்மையாகப் போனால்கூட என் உயிர் போய் வந்தது. ஜெபமாலையை எடுத்தேன், எந்த மணியில் நிற்கிறேன் என்று தெரியவில்லை, உள்ளே வைத்துவிட்டேன்.

கீழே பெரிய சத்தம் கேட்டது. சம்ப்பு காலி. அந்த அம்மாவே சம்ப்புக்குள் இறங்கி, கடைசி ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு வெளியே ஏறி வந்தாராம். கொஞ்ச நேரத்தில் ஹாரன் சத்தமும் கேட்டது. தேவராஜ் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு டிரெய்லர் டிரைவராகப் போய்க் கெஞ்சியிருக்கிறார். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓரம் கட்டி வழி விட்டிருக்கிறார்கள். அதனால்தான் போனை எடுக்கவில்லை.

"எங்கம்மா மேல சத்தியமா ஒண்ணியும் போடலக்கா" என்றார் இறங்கியதுமே.

புதுத் தண்ணீரைக் கரித் தொட்டிகளில் ஓடவிட்டு, பழையதைக் கழுவி வெளியேற்றினோம். பிறகு பிடித்தேன், சொட்டு விட்டேன், கவிழ்த்து நிமிர்த்தினேன். ஜன்னலுக்குப் போனால் எனக்கு முன்னால் அங்கே கூட்டம். முனுசாமி நைனா, மற்ற நோயாளிகள், நர்ஸ், தேவராஜ், புடவை நனைந்த அந்தத் தெரு அம்மா. சிஸ்டர்தான் வெள்ளைத் தாளைப் பிடித்தார். எல்லோரும் குனிந்து பார்த்தோம். கலர் வரவில்லை. "மறுபடி பாரும்மா" என்றார் சிஸ்டர். மறுபடியும் பார்த்தேன். இல்லை. மூன்றாவது தடவை நானாகவே பார்த்தேன்.

முதலில் சாந்தி. பக்கத்து மெஷினில் முனுசாமி நைனா. மற்றவர்களுக்கும் அடுத்தடுத்துப் போட்டோம்.

தேவராஜ் போகவில்லை. கதவோரம் நின்று மெஷினில் சுற்றுகிற ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "யக்கா, நீ பாக்காம வுட்ருந்தா அந்தப் பொண்ணு இன்னா ஆயிருக்கும்?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து எனக்குப் பொய் வரவில்லை. "இருந்திருக்க மாட்டா தம்பி" என்றேன். அவர் அந்தக் கதவோரமே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் சாந்திக்கு முடிந்தது. ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டேன். முகத்தில் வீக்கம் வடிந்து, பழைய சாந்தி தெரிந்தாள். இன்றைக்கும் அவள் அங்கே வந்துகொண்டுதான் இருக்கிறாள், மகள் காலேஜ் போகிறாள். அன்று அந்த நிமிஷம், நான் அவள் தலைப்பக்கம் கட்டிலை நிமிர்த்திவிட்டேன். "என்னடா வேணும், டீ சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கதவோரம் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். புடவை நனைந்து நின்ற அம்மாவைப் பார்த்தாள்.

"காலைலேர்ந்து எல்லாரும் தண்ணி தண்ணின்னே ஓடிகினு கீறீங்க" என்றாள். "எனக்கு எவ்ளோ தாகம் தெரியுமாக்கா? ஒரு வாய் குடேன்."

சிறுநீரகம் போனவர்களுக்குத் தண்ணீர் அளவுதான். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று நான்தான் அவளுக்கு அளந்து சொல்லிக் கொடுத்தவள். இரண்டு நாளாக நாக்கைக் கட்டச் சொன்னதும் நான்தான். என் பையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டில் இருந்தது. சின்னக் கப்பில் ஊற்றிக் கொடுத்தேன். சாந்தி இரண்டு கையாலும் வாங்கி, ஒவ்வொரு மிடறாக, வாயில் வைத்திருந்து வைத்திருந்து விழுங்கினாள்.